காட்டோடையில் விழுந்து கிடக்கும் மரங்களை எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

நாணல் எழுதியது:

எங்கள் தன்னார்வக் குழு காட்டுக்குள் ஓடும் ஒரு சிற்றோடையைச் சுத்தம் செய்யப் போகிறது. பிளாஸ்டிக், பழைய துணி, கம்பி இதையெல்லாம் எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிரச்சினை மரங்களில்தான். ஓடைக்குக் குறுக்கே பெரிய மரங்கள் சில விழுந்து கிடக்கின்றன. அவற்றில் சருகும் சுள்ளியும் வந்து அடைந்து, பின்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. "அறுத்து எடுத்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், மீனும் மேலே ஏறும்" என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். "காட்டில் விழுந்தது காட்டிலேயே கிடக்கட்டும்" என்று மீதிப் பேர். இரு தரப்பும் உறுதியாகப் பேசுகிறார்கள், ஆனால் காரணம் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் குழுவில் எடுத்துப் பேச வசதியாக இருக்கும்.

ஆழ்மடு எழுதியது:

எடுக்காதீர்கள். காரணம் நிறைய இருக்கிறது.

முதலில், உங்கள் குழுவில் பாதிப் பேர் சொல்வதை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்கில், ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில், சால்மன் மீன்கள் ஏறிப் போவதற்கு மரங்கள் தடை என்று நினைத்து 1950களிலிருந்து 1970கள் வரை ஓடை ஓடையாக மரங்களை அப்புறப்படுத்தினார்கள். நல்ல எண்ணத்தோடு, அரசுப் பணத்தில், இயந்திரம் வைத்துச் செய்த வேலை அது. பிறகு பார்த்தால் மடுக்கள் தூர்ந்துவிட்டன, முட்டையிடத் தேவையான சரளை அடித்துச் செல்லப்பட்டது, குளிர்கால வெள்ளத்தில் மீன்குஞ்சுகள் ஒதுங்க இடமில்லை. 1980களிலிருந்து அதே ஓடைகளில் மரங்களைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இம்முறை ஹெலிகாப்டர் வைத்துக்கூட.

மரம் அங்கே என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு கட்டையை வைத்துப் பாருங்கள். செங்குத்தான ஓடையில் தண்ணீர் வேகமெடுத்து வருகிறது. குறுக்கே ஒரு அடிமரம். தண்ணீர் அதன் மேலேறி அந்தப் பக்கம் விழுகிறது. விழும் இடத்தில் படுகையைக் குடைந்து ஒரு மடுவை உண்டாக்குகிறது. வந்த வேகத்தில் பெரும் பகுதி அந்த மடுவிலேயே சுழன்று தீர்ந்துவிடும். மடுவிலிருந்து கிளறப்பட்ட கற்கள் சற்றுத் தள்ளி, தண்ணீர் மேடேறும் இடத்தில் படிகின்றன. அங்கே பெரும்பாலும் நுண்மணல் கழுவப்பட்ட, ஒரே மாதிரி அளவுள்ள சரளைதான் இருக்கும். கட்டைக்கு மேல்பக்கத்தில் மணலும் சருகும் தங்கிப் படுகை உயர்கிறது. ஆக ஒரே மரம் ஒரு மடு, ஒரு சரளைத் திட்டு, ஒரு மணல்மேடு மூன்றையும் சில மீட்டர் தூரத்துக்குள் உண்டாக்கிவிடுகிறது. அதை அறுத்து எடுத்தால் முதல் பெருவெள்ளத்திலேயே மேல்பக்க மணல் முழுக்கக் கீழே இறங்கி, அடுத்தடுத்த மடுக்களை நிரப்பும். படுகை அரிபட ஆரம்பித்தால் கரையும் சரியும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் நடக்கிறது. கட்டையின் மேல்பக்கம் நீர்மட்டம் உயரமாகவும் கீழ்ப்பக்கம் தாழ்வாகவும் இருப்பதால், கொஞ்சம் தண்ணீர் படுகைக்குள் இறங்கி, சரளை இடுக்குகள் வழியாக நகர்ந்து, கீழ்ப்பக்கம் ஊறி வெளியே வருகிறது. இந்தப் பயணத்தில் தண்ணீரின் வெப்பம் தணியும். சரளைக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜனும் சத்தும் போய்ச் சேரும். வெயில் காலத்தில் ஊற்று வெளிவரும் அந்த இடத்தில் மீன்கள் கூடி நிற்பதைப் பார்க்கலாம்.

நீர்த்தும்பி எழுதியது:

ஆழ்மடு ஓடையின் வடிவத்தைச் சொல்லிவிட்டார். நான் சாப்பாட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன்.

அடர்ந்த காட்டுக்குள் ஓடும் சிற்றோடைக்கு வெயில் அதிகம் கிடைப்பதில்லை, எனவே அதற்குள் பாசி பெரிதாக வளராது. அங்கே வாழும் உயிர்களுக்கு முக்கிய உணவு மேலிருந்து விழும் இலைதான். ஆனால் விழுந்த இலை அங்கேயே நின்றால்தானே உணவாகும்? நிறுத்தி வைப்பது மரம்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்டு புரூக் என்ற ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. அங்கே பில்பி, லைக்கன்ஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரு ஓடையில் 175 மீட்டர் நீளத்துக்கு எல்லா மர அடைசல்களையும் (கட்டையில் சருகும் சுள்ளியும் சேர்ந்து அடைத்து நிற்பவை) எடுத்துவிட்டு, கீழே என்ன போகிறது என்று அளந்தார்கள். 1980இல் வெளியான முடிவு இது: நீரில் கரைந்த கார்பன் வெளியேறுவது 18 சதவீதம் கூடியது. இலைத்துண்டு போன்ற பெரிய துகள்கள் 138 சதவீதம் கூடுதலாகப் போயின. நுண்துகள்கள் 632 சதவீதம். ஓடை சேர்த்து வைத்திருந்த உணவு அப்படியே கைவிட்டுப் போனது. அதே பள்ளத்தாக்கில், மிகச் சிறிய தலையோடைகளில் படுகையில் இருக்கும் கரிமப் பொருளில் கிட்டத்தட்ட 75 சதவீதம் அடைசல்களுக்குள்தான் இருந்தது. அடுத்த நிலை ஓடையில் அது 58, அதற்கும் அடுத்ததில் 20. அதாவது ஓடை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அது மரத்தை நம்பியிருக்கிறது. நாணல், நீங்கள் சொல்வது சிற்றோடை என்பதால் இதைக் குழுவில் முதலில் சொல்லுங்கள்.

அடைசலில் தங்கிய இலையில் ஓரிரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை பிடித்த பிறகுதான் அது பூச்சிகளுக்கு ருசியான, சத்துள்ள உணவு. இலையைக் கடித்துத் தின்னும் பூச்சிகள் அதை நுணுக்க, நுணுங்கியது கீழே போய் வடிகட்டித் தின்னும் பூச்சிகளுக்கு ஆகிறது. இவற்றைத் தின்ன தும்பிப் புழுக்கள், மீன்கள், தவளைகள். வட கரோலைனாவில் கோவீட்டா என்ற இடத்தில் 1993இல் ஒரு ஓடையை வலைபோட்டு மூடி, இலை விழாமல் தடுத்தார்கள். பூச்சிகள் மட்டுமில்லை, அவற்றைத் தின்னும் வேட்டைப் பூச்சிகளும் குறைந்துபோயின.

மரத்தையே தின்பவையும் உண்டு. லாரா அவாரா என்றொரு வண்டு வட அமெரிக்காவின் மேற்கில் இருக்கிறது. அதன் புழு நீரில் ஊறிய கட்டையின் மேல்தோலை மெல்ல மெல்லச் சுரண்டித் தின்னும். அதில் சத்து மிகக் குறைவு என்பதால் புழுப்பருவம் முடியவே பல ஆண்டுகள் ஆகும். ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்தால் சின்னச் சின்ன வரிப்பள்ளங்களாகச் சுரண்டிய தடம் தெரியும். கேடிஸ் ஈ என்று ஒரு பூச்சியினம், அதன் புழுக்கள் நீரில் வாழ்பவை. அதில் ஒரு வகையின் புழு ஒரு குச்சியை உள்ளே குடைந்து, அதையே வீடாக்கிச் சுமந்துகொண்டு திரியும். ஆண்டுக்கணக்கில் ஒரே கட்டையில் வாழும் உயிருக்கு நீங்கள் அந்தக் கட்டையைக் கரையேற்றினால் வேறு கதியில்லை.

மணல் படுகை உள்ள ஆறுகளில் உயிர்கள் மரத்தை நம்பியிருப்பது இன்னும் அதிகம். ஜார்ஜியாவின் சட்டில்லா ஆற்றில் மூழ்கிய மரங்கள் வாழிடப் பரப்பில் மிகச் சிறு பங்குதான், ஆனால் முதுகெலும்பில்லாத உயிரிகளின் எடையில் பாதிக்கு மேல் அந்த மரங்களில்தான் இருந்தது. மணல் நகர்ந்துகொண்டே இருக்கும், பற்றிக்கொள்ள மரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

வெண்கொக்கு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் மரம் அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையாதா? தண்ணீர் கறுப்பாகி மீன் செத்து மிதந்ததாகச் செய்திகள் படித்திருக்கிறேன். "மரம் நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எப்படி? அதோடு நீங்கள் இருவரும் சொல்லும் ஆய்வுகள் எல்லாம் குளிர்நாட்டு ஓடைகள். வெப்பநாட்டுக் காட்டில் அப்படியே பொருந்துமா?

நீர்த்தும்பி எழுதியது:

நியாயமான கேள்வி.

நீங்கள் படித்தது பெரும்பாலும் கறுப்புநீர் வெள்ளமாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் மரே-டார்லிங் ஆற்றுப் பகுதியில் 2010-11இல் பெரிய அளவில் நடந்தது. பல ஆண்டு வறட்சியில் வெள்ளச் சமவெளியில் குவிந்து கிடந்த இலைச்சருகு முழுவதும் வெப்பமான வெள்ளத்தில் ஒரே நேரத்தில் ஊறியது. இலையிலிருந்து கரைந்த பொருளை நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. அங்கே காரணம் இலை, வெப்பம், மெதுவான நீர்.

பருத்த அடிமரம் அப்படி நடந்துகொள்ளாது. மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு, கெட்டித்தன்மை தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம், எனவே அழுகுவது மிக மெதுவாக. நீரில் முழுக்க மூழ்கிய கட்டைக்குள் ஆக்சிஜன் போகாததால் மேல்தோல் மட்டும்தான் மென்மையாகிறது. நகத்தால் கீறினால் சில மில்லிமீட்டருக்குக் கூழாக வரும், அதற்கடியில் கெட்டியான மரம் அப்படியே இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு அது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் ஓடும் நீரில் ஒரு பொருட்டே இல்லை. கட்டை மீதேறி விழும்போது காற்று கலப்பதால் நீருக்கு ஆக்சிஜன் சேரவும் செய்கிறது.

கவனிக்க வேண்டியது மரத்தூளைத்தான். பழைய மர அறுவை ஆலைகள் தூளை ஆற்றில் கொட்டிப் பல மீன்வளங்களைக் கெடுத்திருக்கின்றன. அதனால், நாணல், ஓடைக்குள் நின்று ரம்பம் போடுவது மரம் கிடப்பதைவிடக் கெடுதல்.

நன்மை எல்லா உயிர்களுக்கும் சமமாக இல்லை என்பதும் உண்மை. கோவீட்டாவிலேயே ஓடையில் கட்டைகளைப் போட்டுப் பார்த்தபோது நீர் ஆழமானது, வேகம் குறைந்தது, கற்களை மணல் மூடியது. பாறையில் பாசி சுரண்டித் தின்பவையும், ஓடும் நீரை வடிகட்டித் தின்பவையும் அந்த இடத்தில் குறைந்தன. துகள் பொறுக்கித் தின்பவையும் வேட்டைப் பூச்சிகளும் கூடின. ஓடை முழுக்கத் தேக்கமாக இருப்பதும் நல்லதில்லை, முழுக்கப் பாய்ச்சலாக இருப்பதும் நல்லதில்லை. இரண்டும் மாறி மாறி வரும்போதுதான் எல்லாருக்கும் இடம் கிடைக்கிறது.

வெப்பநாடு பற்றி ஆழ்மடு சொல்லட்டும்.

ஆழ்மடு எழுதியது:

வெண்கொக்கு கேட்டது முக்கியமான விஷயம். வெப்பமண்டலக் காட்டில் மரம் சீக்கிரம் அழுகும், பெருமழையில் வெள்ளமும் மூர்க்கமாக வரும். பனாமாவின் மேல் சாக்ரஸ் ஆற்றில் நிலச்சரிவால் உருவான பெரிய அடைசல்கள் சில ஆண்டுகளிலேயே கலைந்துபோனதை எலன் வோல் என்ற ஆற்றியல் அறிஞர் பதிவு செய்திருக்கிறார். கோஸ்டா ரிக்காவின் லா செல்வாவிலும் மரங்கள் ஓடையில் தங்கும் காலம் குறைவு என்று பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் வாஷிங்டனின் குவீட்ஸ் ஆறு. அங்கேகூட பெரும்பாலான மரங்கள் 50 ஆண்டுக்குள் போய்விடுகின்றன, ஆனால் வண்டலுக்குள் புதைந்து 1,000 ஆண்டுக்கும் மேல் கெடாமல் இருந்து, ஆறு திசை மாறும்போது மீண்டும் வெளியே வந்த கட்டைகளும் இருக்கின்றன.

என் பார்வையில், வெப்பநாட்டில் மரத்தை எடுக்காமல் விடுவதற்கு இது இன்னும் வலுவான காரணம். மரம் சீக்கிரம் போகிறது என்றால் அது செய்யும் வேலையைத் தொடர அடுத்த மரம் சீக்கிரம் விழ வேண்டும். அங்கே ஒரு தடவை சுத்தம் செய்துவிட்டு, கரை மரத்தையும் வெட்டிவிட்டால் ஓடை வெறும் வாய்க்கால்தான்.

அணைக்கட்டு எழுதியது:

நான் பாலம், சிறுபாலம் வேலைகளில் இருப்பவன். இந்த இழையில் யாராவது எதிர்ப்பக்கம் பேச வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

காட்டுக்குள் நீங்கள் சொல்வதெல்லாம் ஏற்கத்தக்கது. ஆனால் அந்த ஓடை காட்டோடு முடிவதில்லை. கீழே ஒரு பாலம் இருக்கும், சாலைக்கு அடியில் குழாய் இருக்கும், அதற்கும் கீழே வீடுகள் இருக்கும். 2005 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில் வந்த வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் பாலங்களில் சிக்கி, நீர் ஊருக்குள் திரும்பியது. ஒரு கட்டை பாலத்தின் கண்ணில், அதாவது நீர் போகும் திறப்பில், குறுக்காக மாட்டினால் போதும், பின்னால் வரும் சுள்ளியும் சருகும் அரை மணி நேரத்தில் கதவு போட்டதுபோல் அடைத்துவிடும். அப்புறம் பாலத்தின் தாங்குசுவரைச் சுற்றி மண் அரிக்கும். நான் பார்த்த சேதங்களில் நீரின் அளவால் ஆனதைவிட அடைப்பால் ஆனது அதிகம்.

அதனால் எல்லா மரத்தையும் விடுங்கள் என்பதை நான் ஏற்கவில்லை. பாலத்துக்கு மேலே குறிப்பிட்ட தூரம் வரை அசையக்கூடிய கட்டைகள் இருக்கக் கூடாது.

இன்னொன்று. மரம் வெள்ளத்தைத் தணிக்கும் என்பதிலும் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிக்கரிங் என்ற ஊருக்கு மேலே 2009இல் தொடங்கிய திட்டத்தில் ஓடைகளுக்குள் நீர் கசிந்து போகும்படியான மரத் தடுப்புகளை 100க்கு மேல் போட்டார்கள். மரம் நடுதல், நீர் தேக்கும் கரை என மற்ற வேலைகளும் சேர்ந்து, 2015 டிசம்பர் மழையில் உச்ச வெள்ளம் 15 முதல் 20 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். ஆனால் எல்லா இடத்திலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. இரண்டு கிளையோடைகள் சேரும் இடத்தில், முன்னால் வந்து போய்விட வேண்டிய வெள்ளத்தைத் தாமதப்படுத்தினால் அது மற்ற ஓடையின் உச்சத்தோடு சேர்ந்துகொள்ளலாம். அப்போது கீழே நிலைமை மோசமாகும்.

நாணல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கீழே ஒரு சிறுபாலம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டு கேள்வி. எந்தக் கட்டை அசையும், எது அசையாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மீன் மேலே ஏற முடியாமல் போகும் என்ற வாதத்துக்கு என்ன பதில்?

ஆழ்மடு எழுதியது:

கட்டை ஓடையின் அகலத்தைவிட நீளமா என்று பாருங்கள். அகலம் என்பது இன்றைக்கு நீர் ஓடும் அகலம் இல்லை, கரை நிரம்பி ஓடும்போது இருக்கும் அகலம். கட்டை அதைவிட நீளமாக, இரு பக்கமும் கரையில் ஊன்றியிருந்தால் லேசில் நகராது. வேர்முண்டோடு விழுந்த மரம் இன்னும் உறுதி, ஏனென்றால் வேர்ப்பக்கம் கனமாகப் படுகையில் அழுந்திக் கிடக்கும். பாதி புதைந்தது, இரண்டு நிற்கும் மரங்களுக்கு நடுவே செருகிக்கொண்டது, பாறையில் சாய்ந்தது இவையெல்லாம் நிற்கும். குட்டையாக, வேரும் கிளையும் இல்லாமல் உருண்டையாக இருக்கும் கட்டைதான் முதலில் மிதக்கும். உலர்ந்த கட்டை என்றால் அதன் விட்டத்தில் பாதி அளவுக்கு நீர் ஏறினாலே மிதக்கத் தொடங்கலாம்.

இதனால்தான் அறுப்பது ஆபத்து. அசையாமல் கிடந்த பத்து மீட்டர் மரத்தை இரண்டு மீட்டர் துண்டுகளாக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போனால், பாலத்தில் போய் அடைக்கும் சரக்கை நீங்களே தயார் செய்து கொடுத்த மாதிரி ஆகும்.

மீன் விஷயம்: இயற்கையான அடைசல் ஓட்டை உள்ளது. அடியில் இடுக்கு இருக்கும், பக்கவாட்டில் வழி இருக்கும், வெள்ளத்தில் மேலேயே ஏறிப் போகலாம். மீன் இடம்பெயர்வதும் பெரும்பாலும் நீர் கூடும் நாட்களில்தான். உண்மையான தடை பெரும்பாலும் சாலைக்கடியில் இருக்கும் குழாய், அதன் வாய் அந்தரத்தில் தொங்குகிறதா என்று போய்ப் பாருங்கள்.

கேட்காத ஒரு விஷயமும் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவின் சிவப்பு ஆற்றில் 'பெரும் தெப்பம்' என்று 250 கிலோமீட்டருக்கும் நீளமான மர அடைசல் இருந்தது. 1833இல் ஹென்றி ஷ்ரீவ் என்பவர் நீராவிப் படகு வைத்து அதை அகற்றத் தொடங்கினார், முழுதாகத் தீர்ந்தது 1873இல். அந்தத் தெப்பம் தேக்கி வைத்த நீரால்தான் பக்கத்தில் ஏரிகளும் படகுத்துறைகளும் இருந்தன. அடைசல் போனதும் நீர்மட்டம் இறங்கி, டெக்சாஸின் ஜெஃபர்சன் என்ற துறைமுக ஊர் கப்பல் வரத்தையே இழந்தது.

வேர்த்தடம் எழுதியது:

காட்டுப் பக்கமிருந்து ஒரு வார்த்தை. எல்லாரும் விழுந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறோம், இனி விழப்போகும் மரத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

ஓடைக்குள் வரும் மரம் எங்கிருந்து வருகிறது என்று ஓரிகன், வாஷிங்டன் காடுகளில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 70 சதவீதத்துக்கு மேல் கரையிலிருந்து 20 மீட்டருக்குள் நின்ற மரங்கள். ஆக அந்த ஓரப்பட்டையை விட்டு வைத்தால் ஓடைக்குத் தேவையானது தானாகவே வந்துகொண்டிருக்கும். கரை வரை வெட்டி, புதிதாக நட்டால், அந்தக் கன்றுகள் பருத்து, வயதாகி, விழுந்து ஓடையில் நிற்கும் அளவுக்கு வர ஒரு தலைமுறை போதாது. இடைப்பட்ட காலத்தில் பழைய கட்டைகள் அழுகித் தீர்ந்துவிடும். இந்த இடைவெளிதான் எனக்குக் கவலை. இதை நிரப்ப எந்தத் திட்டமும் எளிதில்லை. ஸ்வீடனில் மரம் மிதத்திக் கொண்டுபோவதற்காக ஆறுகளிலிருந்து பாறையும் கட்டையும் அகற்றினார்கள், அதைச் சரிசெய்ய இன்றைக்கும் உழைக்கிறார்கள்.

சில மரங்கள் விழுந்தும் சாவதில்லை. இத்தாலியின் தாலியமெந்தோ ஆற்றில் வெள்ளத்தில் வந்து சரளைத் திட்டில் ஒதுங்கிய கறுப்புப் பாப்லர் மரமும் வில்லோவும் அங்கேயே துளிர்விட்டு, வேர் பிடித்து, மணலைத் தேக்கி, ஆற்று நடுவே தீவுகளாக வளர்கின்றன. அந்த ஆற்றின் தீவுகளில் பல ஒரு மிதந்துவந்த மரத்தில் தொடங்கியவை.

நாணல், உங்கள் ஓடையில் குறுக்கே கிடக்கும் மரத்தில் பச்சைத் துளிர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

அணைக்கட்டு எழுதியது:

வேர்த்தடம் சொல்வதோடு எனக்குச் சண்டையில்லை. பாலத்தருகே என்ன செய்வது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே அசையும் கட்டையை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் அறுத்துக் கரையில் போடாமல் முழுசாக இழுத்து மேல்பக்கம், ஓடை அகலமான இடத்தில் கரை மரங்களுக்கு நடுவே செருகிவிடுங்கள். அங்கே அது உங்களுக்கும் வேண்டிய வேலையைச் செய்யும். சில நாடுகளில் பாலத்துக்கு மேலே தூண்வரிசை நட்டு, மிதந்து வருவதைப் பிடித்து நிறுத்துகிறார்கள். குழாயை எடுத்துவிட்டு அகலமான பாலம் கட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு.

ஆழ்மடு எழுதியது:

பாலத்தின் ஓரம் பற்றி அணைக்கட்டு சொல்வதை ஏற்கிறேன். "குறிப்பிட்ட தூரம்" எவ்வளவு என்பதில்தான் நமக்குள் ஒத்துவராது. நிறையப் பேர் அந்தத் தூரத்தை நீட்டி நீட்டி மலை உச்சி வரை கொண்டுபோய்விடுகிறார்கள்.

நாணல் எழுதியது:

குழுவில் பேசினேன். காட்டுக்குள் இருக்கும் மரங்களை அப்படியே விடுவது, சிறுபாலத்துக்கு அருகில் தனியாகக் கிடக்கும் ஒரு குட்டைக் கட்டையை மட்டும் வனத்துறையிடம் கேட்டுவிட்டு நகர்த்துவது என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு சந்தேகம். அடைசலுக்குள் நிறைய பிளாஸ்டிக் சிக்கியிருக்கிறது. அதை எடுக்கப் போனால் அடைசல் கலைந்துவிடுமே?

வேர்த்தடம் எழுதியது:

நீர் குறைவாக ஓடும் நாளில் போங்கள். முதலில் அந்த அடைசலைத் தாங்கி நிற்கும் பெரிய கட்டை எது என்று பார்த்து, அதன் மேல் யாரும் ஏறாமல், அதை யாரும் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்பக்கத்திலிருந்து இல்லாமல் பக்கவாட்டில் நின்று, கையால், மேலே இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். கையுறை கட்டாயம், பாம்பும் அங்கே தங்கும். ஆழத்தில் சிக்கிய பையை இழுத்தால் மொத்தமும் கூட வரும் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு அது வெளியே தெரியும், அப்போது எடுத்துக்கொள்ளலாம். சருகையும் சுள்ளியையும் பிளாஸ்டிக்கோடு சேர்த்துச் சாக்கில் அள்ளாமல், உதறி அங்கேயே போடுங்கள்.

நீர்த்தும்பி எழுதியது:

எடுத்த பிளாஸ்டிக்கைக் கரையில் ஒரு தட்டில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் புழுக்கள் ஊர்ந்து வெளியே வரும். அவற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டுச் சாக்கில் போடலாம்.